படபடக்கும் நெஞ்சம்

நுழையும்முன்

நோய் என்றால் உடலில் காட்டத்தக்க ஒரு புண்ணோ பழுதோ இருக்கவேண்டும் என நாம் எண்ணுகிறோம். ஆய்வுக் கருவிகள் எதனையும் காட்டாதபோது, துன்புறுபவரின் சொல்லையே ஐயுறத் தொடங்குகிறோம். இளையோரிடம் காணப்படும் நெஞ்சுவலியும் படபடப்பும் இத்தகைய ஐயத்திற்கு உள்ளாகும் துன்பங்களுள் குறிப்பிடத்தக்கவை. அவற்றின் காரணங்களையும் அவற்றை எதிர்கொள்ளும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

பொன்னம்பலமும் மூச்சுக் கணக்கும்

தில்லை எனப் பழம்பெயர் பெற்ற சிதம்பரத்தை, உலகாகிய பேருடலின் இதயம் எனச் சைவ மரபு போற்றுகிறது. நடராசர் கோயிலின் பொன்னம்பலத்தை மனித உடலின் அமைப்போடு ஒப்பிட்டுக் கூறுவதும் அம்மரபே. அம்பலத்தின் கூரையில் வேயப்பெற்ற பொன்னோடுகள் 21,600. அவை ஒருவர் ஒரு நாளில் விடும் மூச்சுகளைக் குறிக்கும். ஓடுகளைப் பொருத்திய ஆணிகள் 72,000. அவை உடலில் ஓடும் நாடிகளைக் குறிக்கும் என்பர்.

ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள். 21,600ஐ 1,440ஆல் வகுத்தால் நிமிடத்திற்கு 15 மூச்சு என்னும் விடை கிடைக்கிறது. ஓய்வாக இருக்கும் வளர்ந்த ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார் என இன்றைய மருத்துவம் கூறுகிறது. மரபின் கணக்கு அந்த எல்லைக்குள் அமைந்திருக்கிறது. இந்த 15 என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்வோம். மூச்சு, இதயம், அச்சம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கொண்டுள்ள தொடர்பை அறிய இது பின்னர்ப் பயன்படும்.

நள்ளிரவில் வந்த வலி

ஓர் இளைஞரை எண்ணிப் பார்ப்போம். அவர் கடலூர்த் துறைமுகத்தை அடுத்த மீனவர் குப்பம் ஒன்றில் பிறந்தவர். சிதம்பரத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் பயில்கிறார். வயது 19. அவருடைய குடும்பத்தில் கல்லூரிக்குச் சென்ற முதல் தலைமுறை அவரே. பருவத் தேர்வுக்கு இரண்டு நாள்களே இருக்கும் நிலையில், நள்ளிரவில் திடுக்கிட்டு விழிக்கிறார். மார்பின் இடப்பக்கம் குத்துவதுபோல் வலிக்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்ளும் ஓசை காதிலேயே கேட்கிறது. மூச்சு முட்டுகிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன, உடல் வியர்க்கிறது. இறந்துவிடுவோமோ என்னும் அச்சம் பற்றிக்கொள்கிறது.

நண்பர்கள் அவரை ஆட்டோவில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கின்றனர். இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இ.சி.ஜி. எடுக்கப்படுகிறது, இரத்தமும் ஆய்வுக்கு அனுப்பப்படுகிறது. எல்லா முடிவுகளும் இயல்பாக இருக்கின்றன. 'உனக்கு ஒன்றுமில்லை' என்னும் சொல்லோடு அவர் திரும்புகிறார். ஊருக்குச் சென்றால், வாயு பிடித்திருக்கும் எனக் கூறிப் பாட்டி ஓமத்தண்ணீர் கொடுக்கிறார். தேர்வுக்கு அஞ்சிப் பாசாங்கு செய்கிறானோ எனத் தந்தை நினைக்கிறார். அடுத்த வாரம் அதே வலி மீண்டும் வருகிறது. இம்முறை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இவ்விளைஞர் கற்பனை மாந்தர். ஆயினும் இத்தகைய துன்பத்தோடு மருத்துவமனைகளுக்கு வரும் இளையோர் பலர். அவர்களுடைய நிலையில் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. இதயத்தில் நோய் உண்டா என்பது முதல் வினா. இல்லையெனில் இவ்வலி எங்கிருந்து வருகிறது என்பது இரண்டாம் வினா. 'ஒன்றுமில்லை' என்னும் சொல் முதல் வினாவுக்கு மட்டுமே விடையாகிறது. இரண்டாம் வினா விடையின்றி நிற்பதனால்தான் அவ்விளைஞர் மௌனமாகிறார்.

இதயத் துடிப்பின் இயல்பு

நம் இதயம் மூடிய கையளவே உள்ள ஒரு தசை உறுப்பு. ஓய்வாக இருக்கும் வளர்ந்தவரின் இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கும். நிமிடத்திற்கு 72 எனக் கொண்டால் ஒரு நாளில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட துடிப்புகள். இத்துடிப்பைத் தொடங்கிவைப்பது வலது மேலறையின் சுவரில் உள்ள சைனோ ஏட்ரியல் கணு என்னும் சிறு திசுத்தொகுதி. ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் ஆகிய இருவரும் 1907ஆம் ஆண்டு இதனைக் கண்டறிந்தனர். மூளையின் கட்டளை இல்லாமலே இக்கணு மின்துடிப்பை எழுப்ப வல்லது.

கட்டளை வேண்டாதெனினும், துடிப்பின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இருவகை நரம்புகள் இதயத்தோடு இணைந்துள்ளன. பரிவு நரம்புகள் வேகத்தைக் கூட்டும். எதிர்ப்பரிவு நரம்புகள் குறைக்கும். மாடிப்படி ஏறும்போதும், காய்ச்சலின்போதும், மகிழ்ச்சியிலும் சினத்திலும் அச்சத்திலும் துடிப்பு விரைவது பரிவு நரம்புகளின் செயலாகும். ஆகவே விரைந்த துடிப்பு தன்னளவில் நோயாகாது. ஓடாமல், ஏறாமல், வெளிப்படையான காரணம் ஏதுமின்றி அது விரையும்போதுதான் காரணத்தைத் தேடவேண்டியுள்ளது.

போர்க்களத்தில் தொடங்கிய தேடல்

இத்தேடலுக்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்பியா நகர மருத்துவமனை ஒன்றில் ஜேக்கப் மெண்டஸ் டா கோஸ்டா என்னும் மருத்துவர் பணியாற்றினார். இளம் போர்வீரர்கள் பலர் நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல், களைப்பு ஆகியவற்றோடு அவரிடம் வந்தனர். இதயத்தைச் சோதித்தபோது, அத்துன்பங்களுக்கு ஈடான பழுது அவர்களிடம் காணப்படவில்லை. அவர்களைக் கோழைகள் என்றோ பொய்யர்கள் என்றோ அவர் ஒதுக்கவில்லை. முந்நூறு பேரின் நிலையை ஆராய்ந்து 1871ஆம் ஆண்டு கட்டுரையாக வெளியிட்டார். பின்னர் இந்நிலை 'டா கோஸ்டா நோய்க்குறித் தொகுதி' எனவும் 'போர்வீரர் இதயம்' எனவும் வழங்கப்பட்டது.

முதல் உலகப்போரில் இதே துன்பம் பல்லாயிரம் வீரர்களிடம் தோன்றியது. அவர்கள் படுக்கையில் நீண்ட காலம் ஓய்வில் வைக்கப்பட்டனர். பிரித்தானிய இதய மருத்துவர் தாமஸ் லூயிஸ் இம்முறையை மாற்றினார். சிறிது சிறிதாகக் கூட்டப்படும் உடற்பயிற்சியை அவர்களுக்கு அளித்தார். இதயம் நலமாக உள்ளவரைப் படுக்கவைப்பது அவருடைய அச்சத்தையும் சோர்வையும் வளர்க்கும் என்பது இதனால் தெளிவாயிற்று. 1941இல் லண்டன் மருத்துவர் பால் உட், இவ்வறிகுறிகள் அச்சத்தின்போது உடலில் தோன்றும் மாற்றங்களை ஒத்திருப்பதை எடுத்துக்காட்டினார். இவ்வாறு, இதயத்தில் தொடங்கிய தேடல் நரம்பு மண்டலத்தையும் உள்ளத்தையும் வந்தடைந்தது.

கடலூர்க் கரையில்

போர்க்களத்தில் மட்டுமே இத்தகைய அச்சம் தோன்றும் என்பதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை, சுமத்திரா அருகே எழுந்த நிலநடுக்கத்தால் உண்டான ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. கடலூர் மாவட்டத்தில் தேவனாம்பட்டினம் முதல் பிச்சாவரத்தை அடுத்த தீவுக் குடியிருப்புகள்வரை கரையோர ஊர்கள் அழிவுக்கு உள்ளாயின. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பகுதியின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2015இல் பெருவெள்ளம் வந்தது.

இன்று மேல்நிலை வகுப்பில் பயிலும் நீங்கள் ஆழிப்பேரலையின்போது பிறந்திருக்கவில்லை. அன்று சிறுவராக இருந்து உயிர்பிழைத்தோர் இன்று இளைஞராகவும் பெற்றோராகவும் நம்மிடையே வாழ்கின்றனர். பேரிடரைக் கண்டவருள் சிலருக்கு, அபாயம் நீங்கிப் பல காலம் சென்ற பின்னரும் ஓர் இரைச்சலோ மணமோ நாளோ பழைய அச்சத்தை உடலில் எழுப்பிவிடும். அப்போது நெஞ்சு படபடக்கும், மார்பு இறுகும், உறக்கம் கெடும். இது உளவியல் மருத்துவம் நன்கறிந்த உண்மையாகும். ஆழிப்பேரலைக்குப்பின் உணவு, உடை, உறைவிடம் ஆகியவற்றோடு உளவியல் ஆதரவும் துயர்துடைப்புப் பணியில் இடம்பெற்றது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) இப்பணிக்காகக் களப்பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தது. பாதிக்கப்பட்டவரின் பேச்சைப் பொறுமையாகக் கேட்பதே அப்பயிற்சியின் அடிப்படையாகும்.

அச்சம் என்னும் மெய்ப்பாடு

உள்ளத்தின் உணர்வு உடலில் வெளிப்படும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் இதற்கெனவே ஓர் இயலை வகுத்துள்ளது. மெய்யின்கண் தோன்றுவதால் மெய்ப்பாடு எனப் பெயர் பெற்றது. தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கையும் அவர் வரையறுக்கிறார். நம்மை ஆளும் தலைவர் முன் தோன்றும் அச்சமும் அவற்றுள் அடங்கும். தேர்வும் நேர்காணலும் இன்றைய இளையோர்க்கு அந்நிலைக்களனுக்கு அண்மையில் நிற்பன எனலாம்.

அச்சம் உடலில் வெளிப்படும் வழியை இருபதாம் நூற்றாண்டில் அறிவியல் விளக்கியது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில், ஆபத்தை உணர்ந்த உயிரின் உடல் போரிடவோ தப்பியோடவோ ஆயத்தமாகிறது என்றார். சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு வேகமாகிறது. எதிரே புலி நின்றால் இம்மாற்றங்கள் உயிரைக் காக்கும். விடுதி அறையில் புத்தகத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கோ போரிடவும் ஓடவும் எதிரி இல்லை. ஆயத்தம் மட்டும் உடலில் எஞ்சி நிற்கிறது.

இந்நிலையில் மூச்சு தேவைக்குமேல் விரைந்தால், இரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடின் அளவு குறைகிறது. அதனால் தலை சுற்றுகிறது. விரல்களும் உதட்டின் ஓரங்களும் மரத்துப்போகின்றன. விலாவெலும்புகளுக்கு இடைப்பட்ட தசைகள் இறுகி உழைப்பதனால் மார்பு வலிக்கிறது. அவ்வலியை மாரடைப்பு என எண்ணியதும் அச்சம் மேலும் கூடுகிறது. அட்ரினலின் மேலும் சுரக்கிறது. இவ்வாறு சுழன்று உயரும் நிலையைப் பேரச்சத் தாக்கு என்பர். பெரும்பாலும் இது 10 நிமிடங்களுக்குள் உச்சத்தை அடைந்து, பின்னர்ப் படிப்படியாகத் தணியும். இதில் வலி உண்மையானது, துடிப்பும் உண்மையானது. பாசாங்கு என்னும் சொல்லுக்கு இங்கு இடமில்லை.

உடற்காரணங்களை முதலில் தேடுக

எல்லாப் படபடப்பும் அச்சத்தால் வருவதன்று. உள்ளத்தின் மீது காரணத்தைச் சுமத்துமுன் உடலை முறையாக ஆராய்தல் வேண்டும்.

இரத்தசோகை நம் மாநிலத்தில் பரவலாகக் காணப்படும் காரணம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையோர். இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால், உடலுக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்க இதயம் விரைந்து உழைக்க நேரிடும். பள்ளியில் வாரந்தோறும் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையின் தேவையை இதனால் உணரலாம். தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரந்தாலும் படபடப்பு, கைநடுக்கம், எடைக்குறைவு ஆகியன தோன்றும். உறக்கமின்றி விழித்திருக்கக் குடிக்கும் காபியும் ஊக்கபானங்களும் புகையிலையும் துடிப்பைக் கூட்டுவன. விலாக் குருத்தெலும்பின் வீக்கமும், இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுவதும் நெஞ்சுவலியைத் தரும். தொண்டை அழற்சியைத் தொடர்ந்து வரும் வாதக்காய்ச்சல் இதய வால்வுகளைத் தாக்கக்கூடும். வைரசுத் தொற்றுக்குப்பின் இதயத்தசை அழற்சி சிலருக்கு ஏற்படுவதுண்டு.

இதயத்தின் மின்வழியில் உள்ள பிறவி வேறுபாடும் ஒரு காரணம். உல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் ஆகிய மூவர் 1930இல், பிறவகையில் நலமாக இருந்து அவ்வப்போது திடீரென விரைந்த துடிப்புக்கு ஆளான 11 பேரைப் பற்றி எழுதினர். இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மிகையாக உள்ள ஒரு மின்பாதையே அதற்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இத்தகைய துடிப்பு விளக்கை ஏற்றியதுபோல் சட்டெனத் தொடங்கி, அணைத்ததுபோல் சட்டென நிற்கும். நிமிடத்திற்கு 150க்கு மேலும் செல்லும். வழக்கமான இ.சி.ஜி. ஏறத்தாழ 10 நொடிகளின் பதிவே ஆகும். துடிப்பு அடங்கிய பிறகு எடுத்தால் அது இயல்பாகவே தோன்றக்கூடும். எனவே தேவைப்படுவோர்க்கு 24 மணிநேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவியை மருத்துவர் பரிந்துரைப்பார். காரணம் உறுதியானால் இதனை முற்றிலும் குணப்படுத்தும் சிகிச்சைகளும் இன்று உள்ளன.

தெரிந்து தெளிவோம்

நாடித்துடிப்பை எண்ணும் முறை: ஐந்து நிமிடம் அமைதியாக அமர்க. ஒரு கையின் மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர்கீழே, மற்றொரு கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மெல்ல வைக்க. 30 நொடிகளுக்குத் துடிப்பை எண்ணி இரண்டால் பெருக்குக. துடிப்பு சீராக உள்ளதா, இடையிடையே தவறுகிறதா என்பதையும் கவனிக்க. படபடப்பு வரும்போது எண்ணிய அளவு, தொடங்கிய நேரம், நின்ற விதம், அப்போது செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுக.

காலம் தாழ்த்தலாகாத அறிகுறிகள்

சில அறிகுறிகள் தோன்றின் அச்சமா நோயா என ஆராய்ந்துகொண்டிருத்தல் தகாது. விளையாடும்போதோ ஓடும்போதோ மார்பு வலித்தல் அல்லது மயங்கி விழுதல். வலி இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல். படுத்தால் மூச்சு முட்டுதல். காய்ச்சலோடு கூடிய நெஞ்சுவலி. நெடுநேரம் அடங்காத விரைந்த துடிப்பு ஆகியவை உடனடி மருத்துவத்தை வேண்டுவன. குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தால் அதனை மருத்துவரிடம் தவறாது கூறவேண்டும். உடனடி உதவிக்கு 108 அவசர ஊர்தியை அழைக்கலாம். சோடா குடித்துப் பார்க்கலாம், விடியட்டும் எனக் காத்திருக்கலாம் என்னும் எண்ணங்கள் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

உடல் நலமென உறுதியான பின்

முறையான ஆய்வுக்குப்பின் இதயம் நலமாக உள்ளதென மருத்துவர் உறுதிசெய்தால், அதனை நம்புதல் வேண்டும். மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று அதே ஆய்வுகளைத் திரும்பத் திரும்பச் செய்வது அச்சத்தை வளர்க்குமேயன்றித் தணிக்காது. விளையாட்டையும் நடையையும் விட்டுவிடுவதும் தவறு. இதனைத் தாமஸ் லூயிசின் அனுபவம் நமக்குக் கற்பிக்கிறது.

பேரச்சம் எழும் வேளையில் மூச்சே கைக்கு எட்டிய மருந்து. நிமிர்ந்து அமர்ந்து, நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுதல் வேண்டும். ஓர் எண்ணுக்கு ஒரு நொடி எனக் கொண்டால், இவ்வாறு விடும் மூச்சு நிமிடத்திற்கு ஆறு ஆகிறது. பொன்னோடுகளின் கணக்கான 15ஐ விடவும் இது குறைவு. மூச்சை வெளியே விடும்போது எதிர்ப்பரிவு நரம்புகள் மேலோங்குவதால் இதயத்துடிப்பு தணிகிறது. இதயத்துடிப்பை நாம் நேரே கட்டளையிட்டுக் குறைக்க இயலாது. மூச்சின் வழியாக அதனைத் தணிக்க இயலும். நாள்தோறும் சில நிமிடங்கள் பழகினால்தான் அச்சம் எழும் வேளையில் இது துணைநிற்கும்.

போதிய உறக்கம், வேளைக்கு உணவு, உடற்பயிற்சி ஆகியவையும் இன்றியமையாதவை. துன்பம் மீண்டும் மீண்டும் வந்தால் மனநல மருத்துவரை நாடுதல் வேண்டும். பேரச்சத் தாக்குக்கு உளவியல் பயிற்சியும் தேவைப்படின் மருந்தும் நல்ல பயன் அளிக்கின்றன. 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசனையைக் கட்டணமின்றிப் பெறலாம்.

முன்னர் நாம் கண்ட இளைஞரிடம் திரும்புவோம். அன்றிரவு அவரிடம் கூறப்பட்டிருக்கவேண்டிய சொற்கள் மிகச் சிலவே: 'உன் இதயம் நலமாக இருக்கிறது, தம்பி. உன் வலியும் உண்மைதான். அது எப்படி வருகிறது என்று சொல்கிறேன், கேள். மீண்டும் வந்தால் எங்களிடம் வா.' இச்சொற்களை மருத்துவர் கூறலாம், தந்தை கூறலாம், அறைத்தோழரும் கூறலாம். உங்கள் வகுப்பில் எவரேனும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தால் நகையாடாது அருகில் அமருங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அத்துன்பம் உங்களுக்கே வருமாயின் மறைக்காமல் கூறுங்கள்.

கற்பவை கற்றபின்...

1. ஓய்வின்போதும், மாடிப்படி ஏறி இறங்கிய உடனேயும், ஐந்து நிமிடம் கழித்தும் உங்கள் நாடித்துடிப்பை எண்ணி அட்டவணைப்படுத்துக.

2. புயல், வெள்ளம், ஆழிப்பேரலை ஆகியவற்றை நேரில் கண்ட முதியவர் ஒருவர் விரும்பிக் கூறும் நினைவுகளைக் கேட்டு, ஒரு பக்க அளவில் எழுதுக.

3. 'உள்ளத்து உணர்வுகள் உடலில் வெளிப்படும்' என்னும் கருத்தைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோடும் இக்கால அறிவியலோடும் ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.